சூடேறினால் சீறும் கோலா

2006 ஜூன் மாதம் இணையத்தில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிய இரண்டு பேர் வெட்டவெளியில் 101 டயட் கோக் பாட்டில்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாம் இரண்டு லிட்டர் பாட்டில்கள். 523 மென்டாஸ் மிட்டாய்கள் முறைவைத்து உள்ளே விழ விழ, லாஸ் வேகஸ் நகரின் ஓட்டல் வாசலில் இசைக்கு ஆடும் நீரூற்றுகளை நகலெடுத்தபடி கோலா வானத்தை நோக்கிப் பீய்ச்சி அடிக்கிறது. அந்த இருவரில் ஃப்ரிட்ஸ் க்ரோப், பந்துகளை வீசிப் பிடிக்கும் தொழில்முறை வித்தைக்காரர். ஸ்டீபன் வோல்ட்ஸ் ஒரு வழக்கறிஞர். வீடியோ உலகத்தைச் சுற்றி வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், மெக்சிகோவின் லியோன் நகரில் வேறு சிலர் ஒரே சமயத்தில் 4,334 ஊற்றுகளைக் கிளப்பி கின்னஸ் சாதனையே படைத்துவிட்டார்கள்.

இது க்ரோபும் வோல்ட்ஸும் கண்டுபிடித்த வித்தை இல்லை. அமெரிக்கப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் 1980-களிலேயே ‘லைஃப் சேவர்ஸ்’ என்ற ஓட்டை மிட்டாயைக் கம்பியில் கோத்துச் சோடா பாட்டிலுக்குள் இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் அந்தக் கம்பெனி மிட்டாயின் அளவைப் பெரிதாக்கிவிட்டது. பாட்டில் வாய்க்குள் அது நுழையவில்லை. மாற்று தேடிய ஆசிரியர்கள் கையில் சிக்கியதுதான் மென்டாஸ். 1932-இல் நெதர்லாந்தில் பிறந்த மிட்டாய்க்கு இப்படி ஒரு மறுபிறவி கிடைக்கும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வித்தையைச் செய்து பார்த்த பிள்ளைகள் சீக்கிரமே ஒன்றைக் கவனித்துவிடுகிறார்கள். கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பாட்டில் சோம்பலாகப் பொங்கி வழிகிறது. அதே கடையில் வெளியே அடுக்கி வைத்திருந்த பாட்டில் தலைக்கு மேலே பாய்கிறது. பானம் ஒன்று, மிட்டாய் ஒன்று, மிட்டாயின் எண்ணிக்கையும் ஒன்று. வித்தியாசம் சூட்டில் மட்டும்தான்.

ஏன் இப்படி என்று பார்க்கும் முன், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சர்க்கரையோ செயற்கை இனிப்போ எதுவாக இருந்தாலும், சீறுவதற்குத் தேவையான சரக்கு கரியமில வாயுதான். ஒரு லிட்டர் கோலாவில் மூன்றரை முதல் நான்கு லிட்டர் வரை வாயுவைத் திணித்திருப்பார்கள். இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து, வாயு முழுவதையும் வெளியே பிடித்துவைக்க முடிந்தால் ஏழெட்டு லிட்டர் தேறும்.

தண்ணீருக்குள் இந்த வாயுவை வேண்டுமென்றே புகுத்திக் குடிக்கத் தந்த பெருமை இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு உரியது. 1767-இல் லீட்ஸ் நகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் வடிப்பாலை இருந்தது. நொதிக்கும் தொட்டிக்கு மேலே தேங்கி நிற்கும் வாயுவில் தண்ணீரை வைத்துப் பார்த்தார். தண்ணீருக்கு ஒரு சுறுசுறுப்பான புளிப்பு வந்தது. 1772-இல் செய்முறையை ஒரு சிறு நூலாகவே வெளியிட்டுவிட்டார். அதை வைத்துக் காசு பார்த்தவர் வேறொருவர்: ஜெனீவாவில் 1783-இல் சோடா வியாபாரம் தொடங்கிய யோஹான் ஷ்வெப். அவர் பெயரைத் தாங்கிய பானம் இன்றும் கடைகளில் விற்கிறது.

பிறகு 1803-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஒரு விதியைச் சொன்னார். மேலே இருக்கும் வாயுவின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்குத் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தேர்வில் இந்த விதியை எழுதும்போது ‘மாறாத வெப்பநிலையில்’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் மதிப்பெண் போய்விடும். நம்முடைய கதை முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கிறது.

சர்க்கரையைக் கரைக்கச் சூடான தண்ணீர் நல்லது. வாயுவைக் கரைக்க அது நேர் எதிர். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், உறைநிலையை ஒட்டிய குளிரில், 1.7 லிட்டர் கரியமில வாயுவை ஏற்றுக்கொள்கிறது. 20 டிகிரியில் அது 0.9 லிட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. சென்னையின் மே மாத மதியமான 40 டிகிரியில் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வாயுவின் மூலக்கூறுகளுக்குத் தண்ணீரோடு இருக்கும் பிடிப்பு மெலிதானது. சூடு ஏற ஏற அவற்றின் துள்ளல் கூடி, பிடிப்பை அறுத்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கின்றன. பானத் தொழிற்சாலைகளில் வாயு ஏற்றுவதற்கு முன் தண்ணீரை நன்றாகக் குளிர்விப்பதற்குக் காரணம் இதுதான். குளிர்ந்த தண்ணீரில் குறைந்த அழுத்தத்திலேயே வாயு இறங்கிவிடும். மின்சாரச் செலவு ஒரு பக்கம் இருந்தாலும் வேலை சுலபம்.

மூடிய பாட்டிலில் வாயு ஓடுவதற்கு இடமில்லை. அதனால் ஓட முடியாத வாயுவெல்லாம் அழுத்தமாகிறது. லிட்டருக்கு மூன்றரை, நான்கு லிட்டர் வாயு ஏற்றிய ஒரு கோலாவை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. 25 டிகிரியில் அது ஐந்து மடங்கை ஒட்டி வந்துவிடும். 40 டிகிரி என்றால் ஏழு மடங்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பாட்டிலை விரலால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் நெகிழும். அதே பாட்டிலை மொட்டை மாடியில் சற்று நேரம் வைத்துவிட்டு அமுக்கினால் கல்லைத் தொடுவது போல் இருக்கும். எண்களை நம்பாதவர்களுக்கு இந்த விரல் சோதனை போதும்.

இப்போது மூடியைத் திறக்கிறோம். அழுத்தம் சட்டென்று சாதாரண நிலைக்கு இறங்குகிறது. கரைந்திருந்த வாயுவில் பெரும்பகுதிக்கு இனி தண்ணீரில் இருக்க இடம் இல்லை. அப்படியானால் அந்த நொடியே மொத்தமும் வெடித்துக் கிளம்ப வேண்டாமா? கிளம்புவதில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் குமிழிகள், பிறகு நிதானமாகக் கிளாசில் ஊற்றிக் குடிக்கிறோம்.

காரணம், குமிழி பிறப்பது மிகவும் கடினமான காரியம். தண்ணீரின் பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். குமிழி எவ்வளவு சிறிதோ, அதைச் சுற்றிலும் இருக்கும் தண்ணீர் அவ்வளவு பலமாக அதை நசுக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழிக்கு, வெளிக்காற்றைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதல் அழுத்தம் உள்ளே இருந்தால்தான் உயிர் தரிக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கு என்றால் பதினான்கு மடங்கு வேண்டும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து குமிழி தொடங்க வேண்டுமானால் மிக மிகச் சிறிதாகத்தானே தொடங்க வேண்டும்? அந்த நிலையிலேயே நசுங்கிப் போகிறது. ஆகவே கோலாவுக்குள் இருக்கும் வாயு வெளியேற ஆசை இருந்தும் வழியில்லாமல் நிற்கிறது.

மிட்டாய் அந்த வழியைத் திறக்கிறது. மென்டாஸைக் கையில் எடுத்தால் வழவழவென்றுதான் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேல்பூச்சு முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் காற்று சிக்கிக்கொண்டிருக்கிறது. கோலாவில் மிட்டாய் மூழ்கும்போது அந்தக் காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. இனி குமிழி புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் காற்றுப் பையில் கரியமில வாயு வந்து சேர்ந்துகொண்டே இருந்தால் போதும், அது பருத்து, பிய்த்துக்கொண்டு மேலே போகும். குழியில் மிச்சமிருக்கும் காற்றிலிருந்து அடுத்த குமிழி. ஆயிரக்கணக்கான குழிகள் ஒரே சமயத்தில் இந்த வேலையைச் செய்கின்றன.

மிட்டாய்க்கும் கோலாவுக்கும் ஏதோ ரசாயன மோதல் நடக்கிறது என்று பலரும் நம்பினார்கள். சோடா உப்பில் வினிகர் ஊற்றினால் நுரைக்கிறதே, அப்படி ஒன்று என்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் டோன்யா காஃபி, தன் மாணவர்களோடு சேர்ந்து இதை முறையாகச் சோதித்து, 2008-இல் அமெரிக்க இயற்பியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். கோலாவின் அமிலத்தன்மையை மிட்டாய் போடும் முன்னும் பின்னும் அளந்தார்கள். மாற்றமில்லை. அப்படியானால் அமிலமும் காரமும் மோதும் கதை இல்லை. காஃபீன்தான் காரணம் என்றார்கள் சிலர். காஃபீன் இல்லாத டயட் கோக்கும் அதே மாதிரி சீறியது. அந்த வாதமும் போயிற்று.

அவர்களுடைய முறை எளிமையானது, அதனாலேயே அழகானது. பாட்டிலை நேராக நிறுத்தாமல் பத்து டிகிரி சாய்த்து வைத்தார்கள். செங்குத்தாகப் போகும் ஊற்றின் உயரத்தை அளப்பது பெரிய தலைவலி. சாய்த்துவிட்டால் பீய்ச்சி அடித்த கோலா தரையில் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று டேப் வைத்து அளந்துகொள்ளலாம். பாட்டிலின் எடையையும் முன்னும் பின்னும் பார்த்தார்கள். மிட்டாயின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, பானத்தில் அது எவ்வளவு வேகமாக மூழ்குகிறது, டயட் பானத்தில் உள்ள அஸ்பார்டேம் போன்ற பொருள்கள் குமிழி உருவாவதை எவ்வளவு சுலபமாக்குகின்றன என்றெல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மிட்டாயைப் பொடித்துப் போட்டபோது சீற்றம் குறைந்தது. முழு மிட்டாய் கல் மாதிரி அடிவரை இறங்குகிறது. அடியில் பிறக்கும் குமிழி மேலே வரும் வழியெல்லாம் வாயுவைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகிறது. பொடி மெல்லத்தான் இறங்குகிறது.

பட்டியலில் வெப்பநிலையும் இருந்தது. 6 டிகிரி, 38 டிகிரி, 47 டிகிரி என்று மூன்று நிலைகளில் டயட் கோக்கை வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே, சூடான பாட்டில் அதிகமான கோலாவைக் கக்கியது.

ஆனால் இங்கே ஒரு நிதானம் வேண்டும். அழுத்தம் இரண்டு, மூன்று மடங்காகிறது என்பதால், பாட்டில் இழக்கும் கோலாவும் இரண்டு, மூன்று மடங்காகும் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். 6 டிகிரி கோலா, திறந்த பிறகும், லிட்டருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயுவைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும். 47 டிகிரி கோலாவால் அரை லிட்டரைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. ஏற்றியது மூன்றரை, நான்கு லிட்டர் என்றால், முதல் பாட்டிலிலும் இரண்டு லிட்டருக்கு மேல் வெளியேறக் காத்திருக்கிறது. இரண்டாவதில் மூன்று லிட்டருக்கு மேல், சூட்டில் சற்று விரிந்தபடி. ஆக, குளிர்ந்த பாட்டிலிலும் சரக்கு தீர்ந்துவிடவில்லை. சூடு செய்யும் பெரிய வேலை வேகத்தில்தான் இருக்கிறது.

வேகம் கூடுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, குழிகளின் கணக்கு. குமிழி சிறிதாக இருந்தால் அதிக அழுத்தம் வேண்டும் என்று பார்த்தோம். குளிர்ந்த கோலாவின் தள்ளுவிசை குறைவு. மிட்டாயில் இருக்கும் பெரிய குழிகளில் மட்டும்தான் அதனால் குமிழியை வளர்க்க முடியும். சிறிய குழிகள் சும்மா கிடக்கும். கோலா சூடாகி, வெளியேறத் துடிக்கும் வாயுவின் அழுத்தம் கூடினால், அதுவரை சும்மா கிடந்த சிறு குழிகளும் வேலைக்கு வந்துவிடுகின்றன. அதே மிட்டாய், அதே மேற்பரப்பு, ஆனால் குமிழி பிறக்கும் இடங்கள் கூடிவிட்டன.

இன்னொன்று, பயணத்தின் வேகம். சுற்றிலும் இருக்கும் வாயு மூலக்கூறு குமிழியை வந்தடைந்தால்தான் குமிழி வளரும். 5 டிகிரித் தண்ணீரின் பிசுபிசுப்பு, 40 டிகிரித் தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குளிர்ந்த தண்ணீரில் எல்லாமே மெதுவாக நகரும். மொத்தமாக வெளிவரும் வாயு கொஞ்சம் கூடினாலும், அது ஒன்றிரண்டு நொடிக்குள் பாட்டிலின் குறுகிய கழுத்து வழியாக வெளியே வர முண்டியடிக்கும்போதுதான் உயரமான ஊற்று கிடைக்கிறது. அதையே நிதானமாக வெளியே விட்டால் கழுத்தில் நுரை வழியும், வேறொன்றும் நடக்காது.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஸ்பிரிங் ஆர்பர் பல்கலைக்கழக வேதியியலாளர் தாமஸ் குன்ட்ஸல்மன் இந்த ஊற்றின் மீது தீராத ஆர்வம் கொண்டவர். ரயன் ஜான்சன் என்பவரோடு சேர்ந்து 2020-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்காக, கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் டெத் வேலி பள்ளத்தாக்கு முதல் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரம் வரை கோலா பாட்டில்கள் பயணம் போயின. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஊற்றின் வேகம் கூடும். அந்த அளவீடுகளையெல்லாம் வைத்து, மிட்டாயில் வேலை செய்யும் குழிகளின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஏழு பங்கு வரை என்று கணித்தார்கள். நுண்ணோக்கி இல்லாமல், மலையேறி, கோலாவைப் பீய்ச்சி அடித்து அளந்த குழிகள்! இப்படிப்பட்ட அறிவியலுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கோலாவோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அது சீற்றத்தைக் கூட்டும். குளிரோ அதைக் குறைக்கும். காரின் சூட்டிலேயே கிடந்த பாட்டிலை மேலே போய்ச் சேர்ந்ததும் திறந்தால், சூடு, குறைந்த காற்றழுத்தம் இரண்டுமே சட்டையை நனைக்கும் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

வெப்பநிலையின் வேலையை இன்னும் துல்லியமாகப் படம் பிடித்தவர்கள் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் இருக்கிறார்கள். ரீம்ஸ் பல்கலைக்கழகத்தின் ழெரார் லிஜே-பெலேர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையையே குமிழிகளுக்குக் கொடுத்தவர். 2017-இல் அவர் குழுவினர் 6, 12, 20 டிகிரிகளில் வைத்த ஷாம்பெய்ன் பாட்டில்களின் தக்கை தெறிக்கும் கணத்தை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். 6, 12 டிகிரி பாட்டில்களின் வாயிலிருந்து சாம்பல் கலந்த வெள்ளைப் புகை வந்தது. 20 டிகிரி பாட்டிலிலிருந்து நீல நிறப் புகை. சூடான பாட்டிலில் அழுத்தம் அதிகம். அவ்வளவு அழுத்தத்திலிருந்து வாயு திடீரென விரிவடையும்போது அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 90 டிகிரி வரை சரிகிறது. கரியமில வாயுவே உறைந்து நுண்ணிய படிகங்களாகி, நீல ஒளியைச் சிதறடிக்கிறது. பாட்டில் எவ்வளவு சூடோ, வாயில் பிறக்கும் புகை அவ்வளவு குளிர். கோலாவைத் திறக்கும்போது கழுத்தில் ஒரு நொடி தோன்றி மறையும் மெல்லிய வெண்புகையும் இந்த விரிவின் குளிர்ச்சியில் பிறந்த நீராவித் துளிகள்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தர ஷாம்பெய்ன் தேவையில்லை. கோலி சோடா இருக்கிறது. லண்டன்காரரான ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலில் மூடியே கிடையாது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். வாயு ஏற்றிப் பாட்டிலைத் தலைகீழாகச் சுற்றும் இயந்திரத்தில், கோலி கழுத்துக்கு இறங்கி வளையத்தில் உட்காரும். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே அதை அங்கே பிடித்து வைத்துக்கொள்ளும். கடைக்காரர் மரக்குமிழை வைத்துக் கட்டை விரலால் ஓங்கி அமுக்குவார். டப்பென்ற சத்தத்தோடு கோலி உள்ளே விழும், நுரை கழுத்தை எட்டிப் பார்க்கும். ஐஸ் தண்ணீரில் கிடந்த சோடா என்றால் கோலி சுலபமாக இறங்கிவிடும். வெயிலில் நின்ற வண்டிச் சோடா என்றால் கட்டை விரலுக்குக் கூடுதல் வேலை, நுரையும் கூடுதல். ஹென்றியின் விதியைக் கட்டை விரலால் படித்தவர்கள் நம் ஊர்ச் சோடாக் கடைக்காரர்கள்.

வேடிக்கை எல்லை மீறும் இடமும் உண்டு. 2024 கோடையில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானங்களில், கொதிக்கும் வெயிலில் சூடேறிய பானக் கேன்கள் வெடித்து, விமானப் பணியாளர்கள் சிலர் காயமடைந்தார்கள். ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் போன்ற பாலைவன நகரங்களின் வெயில் அது. நம் ஊரில் பூட்டிய காருக்குள் கோடை மதியத்தில் ஏறும் சூடு அதற்கு ஒன்றும் இளைத்ததில்லை. பின் சீட்டில் கேனைப் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. எதிர்ப்பக்கமும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீசரில் மறந்துபோன கேனில் தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். பனிக்கட்டிக்குள் வாயு கரையாது என்பதால் அதுவும் வெளியே தள்ளப்படும். இரண்டும் சேர்ந்தால் கேன் பிளந்துவிடும்.

குலுங்கிய கேனைத் திறக்கும் முன் விரலால் தட்டினால் நுரை அடங்கும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. தெற்கு டென்மார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீர் கேன்களை வைத்துச் சோதித்தார்கள். குலுக்கினார்கள், தட்டினார்கள், திறந்தார்கள், எடை பார்த்தார்கள். தட்டியதால் ஒரு பயனும் இல்லை. குலுங்கியதைக் கொஞ்ச நேரம் சும்மா வைப்பதும் குளிர வைப்பதும்தான் உருப்படியான வழி.

இன்னொரு நம்பிக்கை இதைவிடப் பயங்கரமானது. கோலாவும் மென்டாஸும் சேர்த்துச் சாப்பிட்ட குழந்தை வயிறு வெடித்து இறந்தது என்ற செய்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாறி, பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உடலின் சூடு 37 டிகிரி, ஆகவே வயிற்றுக்குள் சீற்றம் இன்னும் அதிகமாகாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் கிளாசில் ஊற்றும்போதும், வாயில் சூடேறும்போதும், தொண்டையில் இறங்கும்போதும் வாயுவில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிட்டாயைச் சப்பும்போதே அதன் மேல்பூச்சு கரைந்து, குழிகள் எச்சிலில் நனைந்து, காற்றை இழந்துவிடுகின்றன. மீதிக்கு ஏப்பம் இருக்கிறது. அதற்காகப் பந்தயம் கட்டிக்கொண்டு முழு மிட்டாயை விழுங்கி மேலே கோலாவைக் குடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. நுரை மூக்கில் ஏறித் திணறவும் வாந்தி எடுக்கவும் அது போதும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்து அலுத்துப்போன ஆசிரியர்களுக்கு இந்தச் சோதனை ஒரு வரப்பிரசாதம். ஆனால் சும்மா பீய்ச்சி அடித்துக் கைதட்டு வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது, அளக்க வேண்டும். ஒரே பானம், ஒரே அளவு, தயாரிப்புத் தேதியும் ஒன்றாக இருக்கும் மூன்று பிளாஸ்டிக் பாட்டில்கள் வாங்குங்கள். தேதி முக்கியம், ஏனென்றால் பிளாஸ்டிக் வழியாக வாயு மாதக்கணக்கில் மெல்லக் கசியும். சிறிய பாட்டிலில் இன்னும் சீக்கிரம். ஒன்றை ஐஸ் போட்ட வாளியிலும், ஒன்றை வெளியிலும், ஒன்றைக் குளிக்கும் சூட்டில் உள்ள வெந்நீர் வாளியிலும் முக்கால் மணி நேரம் மூடி திறக்காமல் வையுங்கள். திறந்து வைத்துச் சூடாக்கினால் வாயுவெல்லாம் முன்கூட்டியே போய்விடும். சூடான பாட்டில் தோற்றுப்போய், தலைகீழான முடிவு கிடைக்கும். இந்தச் சோதனையில் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

சரி, மூடியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் சூட்டை எப்படி அளப்பது? அதே அளவு பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு வாளியிலும் கூடவே வைத்துவிடுங்கள். தெர்மாமீட்டரை அதற்குள் விட்டால் போதும், கோலாவின் சூடும் ஏறத்தாழ அதுவேதான். பாட்டிலைத் திறப்பதற்கு முன் சமையலறைத் தராசில் எடை. ஐந்து மிட்டாய்களைக் காகிதக் குழாயில் அடுக்கி, அடியில் ஓர் அட்டையைக் கொடுத்து, பாட்டில் வாய்க்கு மேலே பிடித்து, அட்டையை உருவினால் எல்லாம் ஒன்றாக விழும். பிறகு ஓடிவிட வேண்டும். அடங்கியதும் மீண்டும் எடை. உயரத்தை அளக்க, பின்னால் அடி அடியாகக் கோடு போட்ட சுவரோ கம்போ நிறுத்தி, செல்போனில் வீடியோ எடுத்து நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். எடை வித்தியாசம் ஒரு கதை சொல்லும், உயரம் வேறு கதை சொல்லும். இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஏன் இரண்டு கோடுகளும் ஒரே சாய்வில் போகவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

சில கட்டாயங்கள்: கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. அடுப்பில், மைக்ரோவேவில், கொதிக்கும் நீரில் மூடிய பாட்டிலை வைக்கக் கூடாது. மிட்டாய் போட்ட பிறகு மூடியைத் திருக எந்தக் காலத்திலும் முயலக் கூடாது. வெந்நீர் வாளியிலிருந்து எடுத்த பாட்டில் திறக்கும்போதே நுரைக்கும், முகத்தை விலக்கி, மெல்லத் திருகுங்கள், திறந்த கையோடு மிட்டாயைப் போட்டுவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும். டயட் பானம் கிடைக்கவில்லை என்றால் சர்க்கரைக் கோலாவிலும் செய்யலாம். ஊற்று கொஞ்சம் குறையும், தரை முழுக்கப் பிசுபிசுக்கும். முடிந்த கையோடு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் எறும்பு வரிசை கட்டிவிடும்.